பின்சுவர் மூடும் முன்

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஒரு வீட்டின் கார் ஷெட். கார் தெருவில் நிற்கிறது. உள்ளே கணவனும் மனைவியும் விமானம் கட்டுகிறார்கள். ஆர்வி-7, இருவர் அமரும் விமானம். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973-இல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் கிட், அதாவது பாகங்களின் தொகுப்பு, அது. இந்த நிறுவனத்தின் வடிவமைப்பில் 10,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ஆட்கள் தாங்களே கட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள்.

நான் போன அன்று எரிபொருள் தொட்டி வேலை. இதில் தொட்டியென்று தனியாக எதுவும் இல்லை. இறக்கை முன்பகுதியின் ஒரு பாகமே தொட்டி. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 80 லிட்டர். அலுமினியத் தகடும் விலாத்தகடுகளும் சேரும் இடமெல்லாம் ரிவெட்டுகள். ஒவ்வொரு ரிவெட் துளையும் பெட்ரோல் கசிய ஒரு வழி. அதை அடைப்பது பாலிசல்ஃபைடு பசை. கட்டுபவர்கள் வாயில் அதற்கு ஒரே பெயர், புரோசீல்.

காலை முழுக்கப் பசை டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒட்டும் விளிம்புகளைக் கணவர் ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரால் சொரசொரப்பாக்கிக்கொண்டே இருந்தார். பின்னால் அந்த அம்மா கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, புதுத் துணியால் மறுபடி துடைத்தார், துணியில் கறை வராமல் போகும்வரை. நான் சும்மா தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். “கையுறை!” என்றார். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு போதும், அங்கே பசை பிடிக்காது. என்னைக் கேட்டால் பாதி வேலை இந்தத் துடைப்பில்தான்.

பிறகு தராசு. வெள்ளைப் பசை 50 கிராம், கறுப்பு 5 கிராம். கண்ணளவு இங்கே ஆகாது. பத்துக்கு ஒன்று பிசகினால் சரியாக இறுகாது. வெள்ளைக் கோடு ஒன்றுகூட மிஞ்சாமல் கருஞ்சாம்பல் நிறம் வரும்வரை பிசைந்தார். அழுகிய முட்டை நாற்றம் ஷெட்டை நிறைத்தது. சுவரில் நேரத்தைக் குறித்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும்.

விலாத்தகட்டின் விளிம்பில் பசை தடவி, தகட்டுக்குள் இறக்கி, ரிவெட் அடித்த பிறகுதான் எனக்குப் பிடித்த காட்சி. ஐஸ்கிரீம் குச்சியின் வளைந்த முனையை மூலையில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். தகடுகள் சேரும் கோட்டில் பசை வழுவழுவென்று உட்குழிந்து நின்றது. ரிவெட்டின் உள்தலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. அந்த அம்மா டார்ச் அடித்து எண்ணிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் வெளிச்சம் நின்றது. பொட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவு குழி. கணவர் பேசாமல் அதன்மேல் இன்னொரு பொட்டு வைத்தார்.

தொட்டியின் பின்சுவரை வைத்து மூடிவிட்டால் இந்த வேலையை யாரும் பார்க்கப்போவதில்லை. தவறு இருந்தால் என்றோ ஒருநாள் ரிவெட் ஓரத்தில் நீலக்கறை தெரியும். விமானப் பெட்ரோலின் சாயம் அது. உள்ளே கை போகவேண்டுமானால் பின்சுவரில் துளை வெட்டவேண்டும்.

மிச்சப் பசை அப்பிய குச்சியில் தேதி எழுதி ஜன்னலில் வைத்தார்கள். தொட்டியைச் சுரண்டாமல், அது இறுகியதா என்று குச்சியை நகத்தால் கீறிப் பார்க்கலாம்.

தொட்டி மூடி, பசை இறுகியபின் மறுபடி போனேன். முந்தைய நாளே லேசாகக் காற்றேற்றி, குழாய் முனையில் பலூன் மாட்டியிருந்தார்கள். காலைக் குளிரில் அது சுருங்கிக் கிடந்தது. அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஹீட்டரைப் போட்டார் கணவர். ஷெட் சூடேற ஏற பலூன் மெல்ல நிமிர்ந்தது. பிறகு சோப்புத்தண்ணீரை வரிசை வரிசையாகத் தெளித்து, மூவரும் குனிந்து ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்தோம். ஒரு குமிழிகூட எழவில்லை.

“அடுத்த தொட்டி,” என்று கணவர் ஸ்காட்ச்-பிரைட்டை எடுத்தார்.