பத்மினியின் ஆக்ஸிலேட்டர் ராடு

எங்கள் பத்மினி 1984 மாடல். அப்பா பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. அவர் போன பிறகும் ஆர்.எஸ்.புரம் வீட்டு போர்ட்டிகோவில் அதே இடத்தில்தான் நிற்கிறது. பையன் ஊருக்கு வரும்போதெல்லாம், "யாருக்காச்சும் கொடுத்துருங்கப்பா" என்பான். நான் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன்.

போன வருஷம் ஆக்ஸிலேட்டர் லொடலொடவென்று ஆட ஆரம்பித்தது. பானட்டைத் திறந்து பார்த்தேன். பெடலை அழுத்தினால் ராடு தள்ளும், லீவர் திரும்பும், கார்புரேட்டரின் வாய் திறக்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். அவ்வளவுதான் விஷயம். ராடின் முனையில் பட்டாணி அளவில் ஒரு பால், அதைக் கவ்விக்கொள்ள ஒரு கப். அந்தக் கப் தேய்ந்திருந்தது. ராடும் லேசாக வளைந்திருந்தது.

நஞ்சப்பா ரோடு ஸ்பேர் கடைகளில் கேட்டேன். "பத்மினிக்கா?" என்று சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததிலும் தப்பில்லை. பம்பாய் குர்லாவில் 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்று தொடங்கி, 1974இல் பத்மினி என்று பெயர் மாறி, 2001 வாக்கில் உற்பத்தியே நின்றுபோன வண்டி. பம்பாயில் டாக்ஸியாக ஓடிய கடைசிப் பத்மினிகளும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன.

கோயமுத்தூர்க்காரனுக்கு ஒரு திமிர் உண்டு. தெருவுக்குத் தெரு லேத் இருக்கும்போது ஸ்பேர் எதற்கு? கணபதியில் ஒரு பட்டறைக்குப் போனேன். வளைந்த ராடை நிமிர்த்திக் காட்டி, "இதே நீளத்துக்கு ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்றேன். 200 ரூபாயில் முடிந்தது. டி.பி. ரோட்டிலும் லாலி ரோட்டிலும் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போனது.

அடுத்த கிருத்திகைக்கு வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு மருதமலைக்குக் கிளம்பினேன். மேலே ஏறும்போது ஒரு இடத்தில் வண்டி திணறியது. பெடலைத் தரையோடு அழுத்தினேன். வளைவு வந்தது, காலை எடுத்தேன். இன்ஜின் அடங்கவில்லை. எதிரே ஒரு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கிளட்சை மிதித்தால் இன்ஜின் அலறுகிறது. சாவியைத் திருப்பி அணைத்து, பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் போட்டேன். ஓரமாக நின்றுவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உக்கடத்தில் பழைய ஸ்பேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் பழைய ராடு, புது ராடு இரண்டையும் கொண்டுபோனேன். வெர்னியரை எடுத்துப் பாலை அளந்தார். பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பத்மினி ராடே இல்லீங்க சார். வேற ஏதோ வண்டிது. நீளம் ஜாஸ்தியா இருந்திருக்கும். எவனோ வளைச்சுச் சரிக்கட்டியிருக்கான். நீங்க அதை நிமிர்த்தி அளந்துட்டீங்க."

எனக்கு வாயடைத்துப் போனது. அப்பா காலத்திலிருந்து இருப்பது, அதனால் கம்பெனி போட்டதுதான் என்று நினைத்திருந்தேன். அந்த வளைவைப் பழுது என்று நினைத்தேன். உண்மையில் அந்த வளைவு இருந்ததால்தான் இத்தனை வருஷம் வண்டி ஒழுங்காக ஓடியிருக்கிறது. நீளமான ராடு, முழுசாக அழுத்தியதும் லீவரை அதன் எல்லை தாண்டித் தள்ளிவிட்டது. அதற்கப்புறம் ஸ்பிரிங்கால் திருப்பி இழுக்க முடியவில்லை. டவுனுக்குள் யார் பெடலைத் தரையோடு அழுத்தப் போகிறார்கள்? அதனால்தான் மலை ஏறும்வரை தெரியவில்லை.

பாய் சென்னை புதுப்பேட்டையில் தனக்குத் தெரிந்தவரிடம் சொல்லிவைத்தார். மூன்று வாரம் கழித்து, உடைத்த ஒரு பத்மினியிலிருந்து ராடு, லீவர், கப், ஸ்பிரிங் எல்லாம் செட்டாக வந்தது. 850 ரூபாய். "ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க, செட்டா மாத்துங்க" என்றார். மாற்றினேன்.

மாற்றிய பிறகு இன்ஜினைப் போடாமலே சோதிக்க வேண்டும். ஒருவர் பெடலை முழுசாக அழுத்த, இன்னொருவர் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். முழுக்கத் திறக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. காலை எடுத்ததும் டக்கென்று மூடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் தயவுசெய்து இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

பெடலை அழுத்த வீட்டில் வேறு யாருமில்லை. தயங்கித் தயங்கி அவளைத்தான் கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இருபது தடவையாவது அழுத்தி விட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும், "மூடுச்சுங்களா?" என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் மூடியது.

அடுத்த கிருத்திகைக்கு மறுபடியும் மருதமலை போனோம். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, "மேல பஸ்ல போயிக்கலாங்க" என்றாள். நானும் மறுபேச்சுப் பேசவில்லை.