துப்பறியும் குருவானவரின் சிற்றூரில்

துப்பறியும் கதைகளை விரும்பாத குடும்பம் அரிது. கொலை ஒன்று நிகழ்கிறது, ஐயத்துக்குரியோர் அறுவர் எழுவர் வரிசையில் நிற்கின்றனர், கூர்மதியுடைய ஒருவர் உண்மையைக் கண்டுரைக்கிறார், காவலர் விலங்கு பூட்டுகின்றனர், கதை முடிந்துவிடுகிறது. விலங்கு பூட்டப்பெற்ற அம்மனிதன் பின்னர் என்ன ஆனான் என்று நாம் கேட்பதில்லை, கதையும் சொல்வதில்லை. அக்கேள்வியைக் கேட்கத் துணிந்த ஒரு தொலைக்காட்சித் தொடரையும், அது படமாக்கப்பெறும் ஆங்கிலச் சிற்றூரையும் பற்றி ஈண்டுச் சில கூற விழைகிறோம்.

பிரவுன் என்னும் கத்தோலிக்கக் குருவானவரைத் துப்பறிவாளராகப் படைத்தவர் ஜி. கே. செஸ்டர்ட்டன். பிராட்போர்டு நகரில் பணியாற்றிய அருட்தந்தை ஜான் ஓ'கானர் என்பவரே அப்பாத்திரத்துக்குத் தூண்டுகோலானவர். முதற் கதைத்தொகுப்பு 1911-இல் வெளிவந்தது; ஆசிரியர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்ததோ 1922-இல்தான். இக்கதைகளைத் தழுவி, 2013 ஜனவரி முதல் பி.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பி வரும் தொடரில் மார்க் வில்லியம்ஸ் குருவானவராக நடிக்கிறார். காலம் 1950-களுக்கு மாற்றப்பட்டுள்ளது. மூலக் கதைகளில் ஊர் ஊராகச் செல்லும் குருவானவர், இங்கே கெம்பிள்போர்டு என்னும் கற்பனை ஊரின் பங்குத் தந்தையாகிறார். கெம்பிள்போர்டாகத் திரையில் தோன்றும் உண்மையான ஊர் பிளாக்லி.

மலைச் சரிவில் ஒரு சிற்றூர்

இலண்டன் பாடிங்டன் நிலையத்தில் இரயிலேறினால், ஆக்ஸ்போர்டு வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தில் மோர்ட்டன்-இன்-மார்ஷ் என்னும் சிறு நிலையத்தை அடையலாம். அங்கிருந்து மூன்று கல் தொலைவில், காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளின் மடிப்பில் பிளாக்லி ஒடுங்கிக் கிடக்கிறது. வீடுகள் யாவும் தேன்நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டவை; மாலை வெயில் படும்போது சுவர்களே ஒளி விடுவன போலத் தோன்றும்.

அழகிய இவ்வூர் உழைத்து வாழ்ந்த ஊருமாகும். ஊரின் ஓடையைக் கொண்டு 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பட்டு ஆலைகள் இயங்கின. கவென்ட்ரி நகரத்து நாடா நெசவுக்கு இங்கிருந்து பட்டுநூல் சென்றது. ஆலைகள் மூடப்பட்டு, இன்று அவை குடியிருப்புகளாயின. முன்பு வூஸ்டர்ஷையருக்கு உரியதாயிருந்த இவ்வூர் 1931-இல்தான் குளோஸ்டர்ஷையரோடு இணைக்கப்பெற்றது.

ஊர் நடுவே தூய பேதுரு பவுல் ஆலயம் நிற்கிறது. அதன் பழைய பகுதிகள் 12-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. கோபுரம் 18-ஆம் நூற்றாண்டினது. தொடரில் இதுவே புனித மரியன்னை கத்தோலிக்க ஆலயம்! உண்மையில் இது ஆங்கிலிக்கன் ஆலயம். 16-ஆம் நூற்றாண்டுச் சமய மாற்றத்தின்போது இங்கிலாந்தின் பழைய பங்கு ஆலயங்கள் அரசத் திருச்சபையின் உடைமையாயின. கத்தோலிக்கர் சட்டப்படி சிற்றாலயம் வைத்துக்கொள்ள 1791 வரையிலும், தங்கள் ஆயர்களை மறைமாவட்டங்களில் மீண்டும் பெற 1850 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. ஆகவே 1953-இல் ஒரு குருவானவர் இத்தகைய தொன்மையான ஆலயத்தைத் தம் பங்கு ஆலயமாகக் கொண்டிருத்தல் இயலாது. உண்மையான நிலையை அறிய விரும்புவோர் அருகேயுள்ள சிப்பிங் கேம்ப்டனில் 1891-இல் எழுப்பப்பெற்ற புனித கத்தரீன் கத்தோலிக்க ஆலயத்தைக் காண்பது நன்று. நூற்றாண்டுக் கணக்கில் ஒடுங்கி வாழ்ந்த சிறு மந்தையின் வரலாற்றைத் தொடர் மறைத்துவிட்டது என்பதே நம் முதற் குறை.

கோபுரமும் தூக்குமரமும்

எனினும், இக்கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து நோக்குகையில் தொடரின் முதல் நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அது 'கடவுளின் சுத்தியல்' என்னும் கதையைத் தழுவியது. மூலக் கதையில், தீய வாழ்வினனாகிய தன் அண்ணனை ஆலயத்தின் உச்சியிலிருந்து சுத்தியலை வீழ்த்திக் கொல்பவர் ஓர் ஆங்கிலிக்கன் குரு. உயரத்தில் நின்று நோக்குவோர்க்குக் கீழேயுள்ள மாந்தர் பூச்சிகளாய்த் தெரிவர். தாம் நீதிபதி என்னும் எண்ணமும் உடன் பிறக்கும். பிரவுன் உண்மையை அவரிடமே சொல்லி, வெளியிடாது காப்பதாக உறுதி கூறி, முடிவை அவர் மனச்சான்றிடம் விட்டுவிடுகிறார். கொலையாளி தாமே சென்று சரணடைகிறார்.

சரணடைதல் அக்காலத்தில் எளிதன்று. பிரிட்டனில் கொலைக்கான தூக்குத் தண்டனை 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1969-இல்தான் நிலையாக ஒழிக்கப்பட்டது. எனவே கெம்பிள்போர்டில் ஒவ்வொரு புதிரின் விடையும் ஒருவரைத் தூக்குமரத்துக்கு அனுப்பக்கூடியதே. இதனை உணர்ந்த நிகழ்ச்சிகளே தொடரில் சிறந்தவை. 'மனம் வருந்தியவன்' என்னும் நிகழ்ச்சியில் தூக்குக்குக் காத்திருக்கும் திருடன் ஃபிளாம்போ கொலைகாரன் அல்லன் என்று குருவானவர் நம்புகிறார். அவன் உயிரையும் ஆன்மாவையும் ஒருங்கே காக்க அவர் படும் பாடு நம் நெஞ்சைத் தொடுகிறது. மூலக் கதைகளில் ஃபிளாம்போ விரைவில் மனந்திரும்பித் துப்பறிவாளனாகிறான். தொடரோ அவனை மீண்டும் மீண்டும் திருடனாகவே வரவழைக்கிறது. இம்மாற்றத்தை நாம் குறைகூறோம். தளராது தேடும் மேய்ப்பரை இதனாலன்றோ காண்கிறோம்!

ஆனால் வேறு பல நிகழ்ச்சிகளில் கொலை வெறும் விளையாட்டாகிவிடுகிறது. மிதிவண்டி, குடை, திருமதி மெக்கார்த்தியின் இனிய ரொட்டிகள், இடையே ஒரு பிணம், இறுதியில் ஒரு கைது. எல்லாரும் நகைக்கின்றனர், கைதானவனை நினைப்பார் இல்லை.

இலண்டனுக்குத் திரும்பும் வண்டி பாடிங்டனை நெருங்குகையில் நாட்டிங் ஹில் பகுதியின் ஓரமாகச் செல்கிறது. அங்கே ரில்லிங்டன் பிளேஸ் என்றொரு தெரு இருந்தது; 1970-களில் இடிக்கப்பட்டுவிட்டது. அத்தெருவில் வாழ்ந்த டிமத்தி எவன்ஸ் என்னும் இளைஞர், தம் குழந்தையைக் கொன்றார் என்று 1950 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன கிறிஸ்டி, அதே வீட்டில் குடியிருந்தவன். பல பெண்களைக் கொன்றவன் அவன் என்பது 1953-இல் வெளிப்பட்டது. 1965-இல் எவன்ஸின் உடல் சிறையிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டு, இலண்டன் லெய்டன்ஸ்டோனிலுள்ள புனித பேட்ரிக் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. 1966-இல் அரச மன்னிப்பும் வந்தது, உயிர் வரவில்லை. கெம்பிள்போர்டின் கதைகள் நிகழ்வதாகச் சொல்லப்படும் அதே ஆண்டுகள் இவை. திரையில் துப்பறிவாளர் தவறுவதில்லை. உலகில் நீதிமன்றமே தவறியது.

2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ், மரண தண்டனை ஏற்கத்தகாதது எனத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் திருத்தம் செய்தார் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

ஆகவே பெற்றோரே, துப்பறியும் நாடகங்களைப் பிள்ளைகளோடு தாராளமாகக் காணுங்கள். "யார் கொலையாளி?" என்று அவர்கள் முந்திச் சொன்னால் பாராட்டுங்கள். பின்னர் மற்றொரு கேள்வியையும் அவர்கள்முன் வையுங்கள்: "இனி அம்மனிதனை மீட்கப் போகிறவர் யார்?" விடை தேடும் பிள்ளை கோபுரத்து உச்சியிலிருந்து மனிதரைப் பார்க்காது, அவர்களருகே நின்று பார்க்கும்.