பாய்லருக்குள் ஒரு காசு

2025 செப்டம்பர் முதல் தேதி சென்னையில் டீ விலை ஏறியது. 12 ரூபாய் டீ 15 ரூபாய், 15 ரூபாய் காபி 20 ரூபாய். பால், தூள், கேஸ், வாடகை என்று கடைக்காரர்கள் சொன்ன காரணங்களைப் பத்திரிகைகள் வரிசையாகப் போட்டிருந்தன. நான் படித்தவற்றில் டீ போடுகிறவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்று முழுக்க அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து நாளைக்கு நாலு டீக்குக் குறையாமல் குடித்து வருகிறேன். கிளாஸை நீட்டிய எந்தக் கையையும் நின்று பார்த்ததில்லை.

தியாகராய நகரில் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "மயிலாப்பூர்ல, கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு சந்துல ஒரு மாஸ்டர் இருக்கார். காலைல நாலு மணிக்குப் போங்க. ஆறு மணிக்கு மேல அவர்கிட்டப் பேச முடியாது" என்றார்.

மயிலாப்பூர் என்றால் எல்லாருக்கும் ஃபில்டர் காபிதான் நினைவுக்கு வரும். காபி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் டீ உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்த கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எழுதியிருக்கிறார். விடிவதற்கு முன் அந்தச் சந்தில் போய் நின்றால் அந்தப் பிரிவு இன்னும் அப்படியே இருப்பது தெரியும். காபி மணக்கும் வீடுகள் தூங்கிக்கொண்டிருந்தன. கடை வாசலில் பேப்பர் பிரிக்கும் பையன்கள், பூ மூட்டை இறக்கியவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், இரவு சவாரி முடித்த ஆட்டோக்காரர்கள். எல்லார் கையிலும் டீ.

மாஸ்டருக்கு 49 வயது. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம். பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பேரைச் சொல்லி அவரைக் கூப்பிடுகிறவர்களும் அங்கே யாரும் இல்லை. 'மாஸ்டர்' என்றால் போதும்.

"ரெண்டு லைட், ஒரு ஸ்ட்ராங், ஒண்ணு வித்தவுட்", "எனக்கு ஆடை போட்டு", "சக்கரை கம்மி, டிகாஷன் தூக்கலா" என்று நாலு பக்கமிருந்தும் குரல்கள். அவர் எதையும் திருப்பிக் கேட்கவில்லை, எழுதவும் இல்லை. கிளாஸ்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் அதனதன் ஆளிடம் போய்ச் சேர்ந்தது. பழைய வாடிக்கையாளர்கள் கேட்பதுகூட இல்லை. தலை தெரிந்தால் கை கலக்க ஆரம்பிக்கிறது.

அவர் செய்வதைப் பார்த்தபடியே சொல்கிறேன். பாய்லரில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு மக்கின் மேல் வடிகட்டித் துணி, அதற்குள் தூள். பாய்லர் குழாயைத் திறந்து தூளின் மேல் வெந்நீரை விடுகிறார். இறங்கிய டிகாஷனை எடுத்து அதே தூளில் மறுபடி ஒருமுறை ஊற்றுகிறார். கிளாஸில் சர்க்கரை, பால், அதன்மேல் டிகாஷன். பிறகு ஆத்துகிறார். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே. சூடு வாய்க்குத் தக்கபடி இறங்கி, சர்க்கரை கரைந்து, நுரை கட்டுகிறது. தூள் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு. கேட்டதற்கு, "தூள் சொல்லும் சார்" என்றார். அதற்குமேல் எனக்குப் பிடிபடவில்லை.

தூளைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'டஸ்ட்' என்றால் ஆலையில் கூட்டிப் பெருக்கிய கழிவு என்று படித்தவர்களே நம்புகிறார்கள். அது தவறு. 1930களில் அசாமில் உருவான சி.டி.சி. முறையில், இலையைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறார்கள். காய்ந்ததும் சலித்துத் தரம் பிரிக்கும்போது கிடைக்கும் மிகச் சிறிய மணிதான் டஸ்ட். மணி சிறுத்தால் வெந்நீர் படும் பரப்பு கூடும். நிறமும் திடமும் நொடியில் இறங்கும். வாசலில் இருபது பேர் நிற்கும் கடைக்கு இதைவிட ஏற்ற தூள் கிடையாது. கலப்படம் வேறு விஷயம். நனைந்த வெள்ளைக் காகிதத்தில் தூளைத் தூவியதும் சாயம் ஓடினால் அந்தத் தூளைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

ஆறு மணிக்கு முன் கிடைத்த இடைவெளியில் அவர் எனக்குக் காட்டியது அந்த வடிகட்டித் துணியைத்தான். கம்பி வளையத்தில் கூம்பாகத் தைத்த காடாத் துணி. புதுத் துணியை அப்படியே போட்டால் டீயில் கஞ்சி வாசனை அடிக்குமாம். முதல் நாள் வடித்த சக்கையோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். "சோப்பு மட்டும் படவே கூடாது சார். சோப்பு பட்ட துணியில ஒரு வாரத்துக்கு டீ செத்துப்போயிரும்." மடிப்பு விழுந்தால் ஒரு பக்கம் மட்டும் டிகாஷன் வேகமாக இறங்கும் என்று தையலைத் தானே போடுகிறார். ஊசி, நூல் எல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கெட் டப்பாவில் இருக்கின்றன.

1988இல், 12 வயதில், பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடன் ரயிலேறி வந்தார். சேர்ந்தது புரசைவாக்கத்தில் ஒரு மலையாளியின் கடையில். அன்றைய சென்னையில் டீக்கடை என்றாலே 'நாயர் கடை'தான். "பித்தளை பாய்லர் சார், நடுக்குழாயில கரி போடணும். உள்ள ஒரு காசு போட்டிருப்பாரு. தண்ணி கொதிச்சா அந்தக் காசு கிடுகிடுன்னு ஆடும். சத்தம் நின்னா கரி போடணும்னு அர்த்தம். அந்தச் சத்தத்துலதான் நான் தூங்குவேன், அது நின்னா முழிச்சிருவேன்." பையன்களுக்குப் படுக்கை பாய்லருக்குப் பக்கத்துப் பெஞ்சு.

முதல் இரண்டு வருடம் கிளாஸ் கழுவினார். அப்புறம் ஆபீஸ்களுக்கு டீ கொண்டுபோகும் வேலை. மக்கைக் கையில் கொடுத்தபோது வயது 17. டீக்கடை, ஓட்டல் வேலைகளில் 14 வயதுக்குட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அவருடைய பள்ளிக்கூட வயதுக்கு அது பதினெட்டு வருடம் தாமதம்.

ஊருக்குத் திரும்பிப் போகத் தோன்றவில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "எங்க ஊர் டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாஸ் சார். கூரையில சொருகியிருக்கும். எங்கப்பா அதை எடுத்துக் குடிச்சிட்டு, அவரே கழுவித் திருப்பிச் சொருகுவாரு. நான் இங்க வந்த அன்னிக்கு ஒரு தொட்டி நிறைய கிளாஸ் கிடந்துச்சு. எது யார் குடிச்சதுன்னு யாருக்கும் தெரியாது. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், ஊருக்குப் போறதில்லைன்னு." கிளாஸ் கழுவும் வேலையை இப்படிப் பார்க்க முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அதைச் சொல்லும்போது அவர் கை நிற்கவில்லை. இரண்டு லைட், ஒரு ஸ்ட்ராங் போய்க்கொண்டிருந்தது.

இடது உள்ளங்கை மரத்துப்போயிருக்கிறது. கொதிக்கும் கிளாஸைப் பிடித்தால் சூடு தெரிவதில்லை. வலது தோளை மருத்துவரிடம் காட்டியபோது ஆறு மாதம் கையைத் தூக்காமல் இருக்கச் சொன்னாராம். காலை மூன்றரை முதல் பதினொன்று வரை, மறுபடி மூன்று மணியிலிருந்து ஒன்பது வரை வேலை. நாள் சம்பளம் 900 ரூபாய். வராத நாளுக்குக் கிடையாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்ற பேச்சே இல்லை.

மறுநாள் மதியம் நண்பர் கணக்கு எழுதும் ஜவுளிக்கடைக்குப் போனேன். ரங்கநாதன் தெருவில் ஆளே ஒதுங்க முடியாத கூட்டத்தில் ஒரு வடநாட்டுப் பையன், கம்பிக் கூடையில் எட்டு கிளாஸை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோனான். உஸ்மான் சாலைப் பக்கம் பேப்பர் கப்புகள்தான் அதிகம். பிளாஸ்டிக் பூச்சுள்ள கப்பும், டீ பார்சல் கட்டும் பையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. சூடான பானம் பேப்பர் கப்பில் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தார்கள். கண்ணாடி கிளாஸில் கேட்டு வாங்குங்கள். கழுவும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடையாறு காந்தி நகரில் எனக்கு இன்னொரு நண்பர். வங்கியில் ஓய்வு பெற்றவர், டீ ரசிகர். டார்ஜிலிங் முதல் பறிப்பு, அசாம், வெள்ளைத் தேநீர் என்று டப்பா டப்பாவாக வைத்திருக்கிறார். கிரீன் டீயைக் கொதிநீரில் போட்டால் கசக்கும், தண்ணீர் 80 டிகிரிக்கு ஆறிய பிறகே போட வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் வீட்டில் ஒருநாள் குடித்தது நீலகிரி ஆர்தடாக்ஸ், பனிக்காலத்தில் பறித்தது. நசுக்காமல் முறுக்கிக் காயவைத்த முழு இலை. பாலும் சர்க்கரையும் இல்லாமல், பொன் நிறத்தில், பூ வாசனையோடு இருந்தது. நம் மலையில் விளைவது இது, நமக்கே தெரியாமல் இருக்கிறதே என்று வருத்தமாக இருந்தது. இவ்வகை டீயில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது.

அதில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தார். வடிகட்டித் துணியைத் தொடவில்லை. "இதுல பழைய தூள் வாசனை இருக்கு, இந்த இலையைக் கெடுத்துரும்" என்று தனி மக்கை இரண்டு முறை கழுவி, இலையைப் போட்டு, வெந்நீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றினார். தண்ணீரை ஆறவிட வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. தட்டு போட்டு மூடினார். குடித்துப் பார்த்து, "இதுக்குப் பால் ஊத்துறது பாவம் சார்" என்றார். மறுபடி ஒரு வாய் குடித்தார். "வாசனை முன்னாடி வந்துருது, நாக்குல நிக்கமாட்டேங்குது. ராத்திரி பூரா ஆட்டோ ஓட்டுனவருக்கு இது பத்தாது." இரண்டு தீர்ப்பும் சரி என்றே எனக்குப் படுகிறது.

கடை முதலாளி அண்ணாச்சியிடம் கணக்குக் கேட்டேன். ஒரு கிளாஸுக்கு இரண்டரை கிராம் தூள், கிலோவுக்கு 400 டீ. அவர் வாங்கும் தூள் கிலோ 340 ரூபாய். ஆக, 15 ரூபாய் டீயில் தூளின் செலவு 85 காசு. மீதியைப் பாலும் வாடகையும் கேஸும் தின்கின்றன என்கிறார். பொய்யில்லை.

அந்த 85 காசுக்குள் என்ன இருக்கிறது? ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். நீலகிரிச் சிறு விவசாயிக்குக் கிலோவுக்கு 20 ரூபாய்கூடக் கிடைக்காத மாதங்கள் எத்தனையோ. 15 ரூபாய் என்று வைத்தால், நம் கிளாஸில் அவர் பங்கு 17 காசு. அதிலும் இலை ஏஜென்ட் ஈரக் கழிவு என்று எடையில் கைவைக்கிறார். ஆலை, குன்னூர் ஏலம், கலவை செய்து பாக்கெட் போடும் கம்பெனி, மொத்த வியாபாரி என்று ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. பல ஆண்டுகளாக ஏலத்தில் கிலோ 100 ரூபாயைச் சுற்றியே நிற்கும் சரக்கு, மலையிறங்கி வந்ததும் மூன்று மடங்காகிறது. அசாம் தூள் கலப்பதையும் போக்குவரத்தையும் கழித்துப் பார்த்தாலும் இது நியாயமான கணக்கில்லை. மழையில் நனைந்து அட்டைக்கடி வாங்கியவருக்கு 17 காசு, தொலைபேசியில் விலை பேசியவருக்கு அதற்குப் பல மடங்கு என்றால் அதற்கு வியாபாரம் என்று பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2023 செப்டம்பரில் நீலகிரியின் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். பச்சைத் தேயிலைக்குக் கிலோ 33 ரூபாய் 50 காசு கேட்டார்கள். அந்த விலையை முழுசாகக் கொடுத்தால் நம் டீக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளாஸுக்கு 38 காசு. இப்போது கொடுப்பதைவிட 21 காசு கூடுதல். ஒரே நாளில் 3 ரூபாய் ஏற்றத்தை முணுமுணுத்தபடி கட்டிவிட்ட ஊர் இது. 21 காசுக்கு யார் மறுக்கப் போகிறோம்? அதைக் கேட்டு வாங்கி மலைக்கு அனுப்பத்தான் வழி இல்லை. 1960களில் தொடங்கிய இண்ட்கோ கூட்டுறவு ஆலைகள் அதற்காகத்தான் வந்தன. அவற்றின் ஊட்டி டீ ரேஷன் கடைகளில் கிடைக்கிறது. வீட்டுக்காவது அதை வாங்கலாம்.

விலை ஏறி மூன்று மாதம் கழித்து மறுபடி அந்தச் சந்துக்குப் போனேன். பலகையில் 12ஐ அழித்து 15 என்று எழுதியிருந்தார்கள். மாஸ்டர் புதுத் துணி தைத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் அவருக்கு நாள் சம்பளம் 900 ரூபாய். டிசம்பரிலும் 900 ரூபாய்தான்.