மழை லீவு யாருக்கு?

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், எங்கள் மண்ணூர்பேட்டையில் விடியற்காலை வாசல் தெளிக்க வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி, "லீவு விட்டாச்சா?" என்பதுதான். பால் வாங்கப் போனாலும் அதே கேள்வி. வாண்டுகள் வழக்கமாக ஏழு மணிக்கு உலுக்கினாலும் எழாதவர்கள், மழைச் சத்தம் கேட்டால் ஐந்தரைக்கே டி.வி. முன்னால் ஆஜர்! ஒரு காலத்தில் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் ரமணன் அவர்கள் திரையில் வந்தாலே குழந்தைகளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அவர் 2016-ல் ஓய்வு பெற்றுவிட்டார். என் பெரிய பையன் அன்றைக்கு நிஜமாகவே வருத்தப்பட்டான்.

இந்த லீவு விஷயத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு தனித் திண்டாட்டமும் இருந்தது. மழைக்கு லீவு விடுகிறவர் மாவட்டக் கலெக்டர். அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபோது நாங்களும் சென்னைக்காரர்களாகிவிட்டோம். ஆனால் மாவட்டம் மட்டும் திருவள்ளூராகவே இருந்தது. 2018-ல்தான் அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. நடுவில் இருந்த வருஷங்களில் நடந்த கூத்தைக் கேளுங்கள். வில்லிவாக்கத்துக்குப் படிக்கப் போகும் அண்ணனுக்கு லீவு, எங்கள் தெருக்கோடி பள்ளிக்கூடத்தில் படிக்கும் தங்கைக்கு லீவு இல்லை. இரண்டு பேர் மேலும் விழுவது ஒரே மழை! "நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?" என்று அது அழும் அழுகைக்கு எந்தக் கலெக்டர் பதில் சொல்வார்? இப்போது பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டது. ஆனால் எதிர்வீட்டு மருமகள் ஆவடியில் டீச்சர். ஆவடி இன்னமும் திருவள்ளூர் மாவட்டம்தான். பிள்ளைக்கு இங்கே லீவு, அம்மாவுக்கு அங்கே வேலை என்று சில நாள் விடியும்.

என் மாமியாருக்கு இந்த லீவே பிடிக்காது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். "சாக்கை மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு, வாய்க்கால்ல இறங்கி ஏறிப் பள்ளிக்கூடம் போனோம். நாங்க என்ன கரைஞ்சா போயிட்டோம்? இப்ப தூத்தல் போட்டாலே லீவு!" என்பார். சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் அந்த வாய்க்காலில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று அவருக்குத் தெரியும், அத்தை. இங்கே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் அடியில் மூடி போன சாக்கடையா, தோண்டிப் போட்ட பள்ளமா, யாருக்குத் தெரியும்? 2017 நவம்பர் முதல் தேதி கொடுங்கையூரில் மழைத் தண்ணீரில் கிடந்த மின்கம்பியில் பட்டு இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்! அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, தண்ணீர் நிற்கும் தெருவில் என் பிள்ளைகள் செருப்போடுகூட இறங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

லீவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2015-ஐ மறக்க முடியுமா? அந்த நவம்பர் மாதம் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 140 சென்டிமீட்டர்தான்! அதற்கு மேல் டிசம்பர் முதல் தேதி, ஒரே நாளில் தாம்பரத்தில் 49. பள்ளிகள் மறுபடி திறந்தது 14-ஆம் தேதி. அரையாண்டுப் பரீட்சை ஜனவரிக்குப் போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றது. அப்போதும் ஒரு வாரம் லீவு. அந்த மாதிரி நாட்களில் பள்ளிக்கூடம் திறக்கவும் முடியாது. பாதிப் பள்ளிகளில் வீடிழந்த ஜனங்கள் பாயைப் போட்டுப் படுத்திருப்பார்கள்.

சண்டை வருவது அந்தப் பெரிய மழைக்கு அல்ல, நடுத்தர மழைக்குத்தான். லீவு விட்டு வெயில் அடித்தால், "கலெக்டருக்கு வேற வேலை இல்லையா?" என்கிறோம். விடாமல் மழை கொட்டினால், "குழந்தைகள் மேல அக்கறை இருக்கா இவங்களுக்கு?" என்கிறோம். இரண்டையும் சொல்வது ஒரே வாய்! 2024 அக்டோபரில் 16-ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்து லீவும் விட்டார்கள். ஜனங்கள் காரையெல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அன்றைக்குப் பயந்த அளவு மழை இல்லை. தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் பூக்காரம்மா முதல் மாடி வீட்டு மாமா வரைக்கும் எல்லோரும் வானிலை மையத்தைக் கிண்டல் பண்ணினார்கள். எனக்கென்னவோ, குடையை எடுத்துப் போய் மழை வராததற்காகக் குடை கொடுத்தவரைத் திட்டுகிற மாதிரி தோன்றியது.

என் கோபமெல்லாம் நேரத்தின் மேல்தான். ராத்திரி ஒன்பது மணிக்குள் சொல்லிவிட்டால் ஒரு வீடு எப்படியும் சமாளித்துக்கொள்ளும். காலை ஏழரைக்குச் சொன்னால்? இட்லியைக் கட்டி, தலை பின்னி, வேனில் ஏற்றி அனுப்பிய பிறகு லீவு என்று செய்தி வரும். ஒரு வருஷம் எங்கள் பகுதிக் குழந்தைகள் வந்த வேன், பாடிப் பக்கம் தண்ணீரில் நின்றுபோய், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. வேனுக்குள் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள்! ராத்திரி பெய்யாத மழைக்கு ராத்திரியே எப்படி லீவு விடுவது என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். விடியற்காலை மழையின் போக்கைப் பார்த்து முடிவு செய்வதும் அவர்களுக்கு லேசான காரியமில்லை.

இதையெல்லாம் விட என் மனதில் தைத்தது 2024 மழைக்காலத்தில் ஒரு நாள் நடந்தது. எங்கள் பின்வரிசை வீட்டில் ஒரு பெண் குடியிருக்கிறாள். எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. கணவன் வெளியூரில். நான்காவது படிக்கும் பெண்ணும், ஒன்றாவது படிக்கும் பையனும். இருவரும் சர்க்கார் பள்ளிக்கூடம். அன்றைக்கு லீவு. கம்பெனிக்கு லீவு இல்லை. ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய சம்பளத்தோடு மாதம் முழுக்க வந்ததற்குத் தரும் பணமும் போய்விடும். மாமியார் ஊருக்குப் போயிருந்தார். அவள் என்ன செய்வாள்? தெருவில் தண்ணீர், கரண்ட் என்று பயந்து, பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பதினொரு மணி இருக்கும். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்கப் போனேன். "ஆன்ட்டி... ஆன்ட்டி..." என்று மெலிசாக ஒரு குரல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நிற்கிறாள். வாசற்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. தம்பியைக் கட்டில் மேல் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, இது மட்டும் ஜன்னலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எத்தனை நேரமாகவோ! மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சாவி அம்மாவிடம். போன் போட்டால் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்களாம். மாடி வீட்டு மாமா வாசலில் இருந்த மெயினை முதலில் அணைத்தார். பிறகுதான் பூட்டைச் சுத்தியலால் உடைத்தோம். உள்ளே கணுக்கால் தண்ணீர். தரையோடு கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி அந்தத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. அதைப் பார்த்தபோது என் கை கால் உதறியது. அந்தப் பெண்ணோ, "தம்பியை இறங்காதேன்னு சொன்னேன் ஆன்ட்டி. அம்மா சொல்லியிருக்காங்க" என்கிறது.

சாயங்காலம் அவள் வந்தாள். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருந்தார்கள். "பெத்தவளா இவ?" என்றுகூட ஒரு அம்மாள் சொன்னாராம். அவள் அழவில்லை. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அக்கா, ஸ்கூல் இருந்தா காலையில டிபனும் அங்க, மத்தியானச் சாப்பாடும் அங்க. பத்திரமும் அங்கதான். லீவு விட்டா எனக்கு எல்லாம் போச்சு."

நாம் மழை லீவு என்றால் பஜ்ஜியும் போர்வையும் என்று நினைக்கிறோம். 2023 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாடு முழுக்க அரசு ஆரம்பப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி போடுகிறார்கள். மதியம் சத்துணவு. லீவன்று அந்த இரண்டு வேளையும் இல்லை என்பது எனக்கு அதுவரை உறைத்ததே இல்லை.

என் நாத்தனார் கனடாவில் டொரண்டோவில் இருக்கிறாள். பனி கொட்டுகிற ஊர். போனில் இதைச் சொன்னபோது அவள் சொன்னாள், "இங்க பெரும்பாலும் ஸ்கூல் பஸ்ஸைத்தான் அண்ணி நிறுத்துவாங்க. ஸ்கூல் திறந்தே இருக்கும். வேலைக்குப் போறவங்க தாங்களே கொண்டுபோய் விட்டுக்கலாம்." ரொம்ப மோசமான பனிப்புயலுக்குத்தான் கதவையே சாத்துவார்களாம். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. வரமுடியாதவர் வர வேண்டாம், ஆஜர் கணக்கும் வேண்டாம். ஆனால் போக்கிடம் இல்லாத பத்துக் குழந்தைகளுக்கு, தண்ணீர் ஏறாத பள்ளியில் ஒரு வகுப்பறையும் ஒரு ஆளும் இருக்கக் கூடாதா? டீச்சர்கள் எத்தனையோ தூரத்திலிருந்து நனைந்து வர வேண்டும் என்று எதிர்வீட்டு மருமகள் சொல்கிறாள். அதுவும் சரிதான். பக்கத்திலேயே இருப்பவர்களை முறை வைத்துக்கொள்ளலாமே!

அதுவரைக்கும் எங்கள் தெருவில் ஒரு ஏற்பாடு நடக்கிறது. லீவு என்றால் எட்டு வீட்டுப் பிள்ளைகள் என் கூடத்தில். மாடி வீட்டு மாமா ரிடையர்டு வாத்தியார், வாய்ப்பாடு கேட்டு வாங்கிவிடுவார். யாராவது ஒரு வீட்டில் சாதம், ஒரு வீட்டில் ரசம், ஒரு வீட்டில் உருளைக்கிழங்கு. தண்ணீரில் நடந்து வரும் பிள்ளைக்கு வாசலிலேயே சோப்புப் போட்டுக் கால் கழுவி, விரல் இடுக்கு ஈரம் போகத் துடைத்துத்தான் உள்ளே விடுவேன். எலி மூத்திரம் கலந்த மழைத் தண்ணீர் காலில் இருக்கும் வெடிப்பு, புண் வழியாக உள்ளே போனால் எலிக் காய்ச்சல் வரும். அந்தத் தண்ணீரில் நடந்த பிள்ளைக்குப் பிறகு காய்ச்சல் அடித்தால், கஷாயம் கொடுத்துக்கொண்டு உட்காராமல், தண்ணீரில் நடந்ததையும் சொல்லி டாக்டரிடம் காட்டிவிடுங்கள். குடிக்கக் கொதிக்கவைத்த தண்ணீர்தான். ஸ்விட்ச் பலகை, எக்ஸ்டென்ஷன் எல்லாம் இப்போது எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் தரையை விட்டு மேலே ஏறிவிட்டன.

பள்ளியில் ஒரு அறையாவது திறந்து வைக்க வேண்டும் என்று கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனுவும் எழுதினோம். பதினொரு கையெழுத்து சேர்ந்தது. அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்து, முழுவதும் இரண்டு தரம் படித்தார். "எல்லாம் சரி. சாப்பாட்டை எங்க எழுதியிருக்கே? அதையும் போடு" என்று சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டார்.