முந்திரி அளவு இடைவெளி

தச்சரும் கொத்தனாரும் கையாளும் அளவுகளில் மிகச் சிறியது நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பழைய காரின் இன்ஜினைப் பிரித்துக் கட்டுகையில் நூல் உதவாது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியே பயின்ற முந்திரிக்குத்தான் இறங்க வேண்டும். முந்திரி என்பது ஒன்றை 320 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. அங்குலக் கணக்கில், ஆயிரத்தில் மூன்றுக்குச் சற்றே கூடுதல்.

திருநெல்வேலியில் நண்பர் வீட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் இன்ஜினைப் பிரித்தபோது இக்கணக்கு எங்களுக்குப் பயன்பட்டது. டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவமான இக்காரை 1961இல் மதராஸில் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1962இல் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி உருவாக்கப்பட்டது. இன்ஜினும் அதே குடும்பம். இங்கே 948 சிசி, அங்கே 1147. ஆகவே ஸ்பிட்ஃபயர்காரர்கள் அஞ்சும் குறை ஹெரால்டுக்கும் உண்டு.

கிராங்க்ஷாஃப்ட் முன்பின்னாக நகராதபடி தடுப்பவை பின்பக்க மெயின் பேரிங்கின் இருபுறமும் அமர்ந்திருக்கும் இரண்டு பிறைவடிவ த்ரஸ்ட் வாஷர்கள் மட்டுமே. கிளட்சை மிதிக்குந்தோறும் தண்டு முன்னோக்கித் தள்ளப்பட, பின்புற வாஷர் தேய்கிறது. அளவுமீறித் தேய்ந்தால் அது நழுவி எண்ணெய்த் தொட்டியில் விழும். பிறகு இரும்பு இரும்பை அரைக்கும், பிளாக்கே பாழாகும். இருக்கவேண்டிய இடைவெளி ஆயிரத்தில் நான்கு முதல் எட்டு வரை. அதாவது ஒன்றேகால் முந்திரியிலிருந்து இரண்டரை முந்திரி. அதற்குக் குறைந்தாலும் ஆகாது. எண்ணெய்ப் படலம் தங்க இடமிராது.

தண்டின் முனையில் டயல் கேஜை நிறுத்தி, நெம்பி அளந்தோம். முள் பதினான்கு காட்டியது. நாலரை முந்திரி.

"ஓடிரும் அண்ணாச்சி, மூட்டிருவோம்" என்றார் மெக்கானிக். அவர் சொன்னது பொய்யன்று. சில ஆயிரம் மைல்கள் ஓடியிருக்கும். நண்பருக்கும் அவசரம் இருந்தது. ஆடி அமாவாசைக்கு இந்தக் காரிலேயே பாபநாசம் போய்த் தாமிரபரணியில் முழுகவேண்டும் என்பது எண்பது கடந்த அவர் தந்தையின் ஆசை. அடுத்த ஆடியைப் பற்றி அந்த வீட்டில் எவரும் பேசவில்லை.

அளவைச் சொன்னதும் பெரியவர் சற்று யோசித்தார். 1973இல் ஈரடுக்கு மேம்பாலம் திறக்கும்வரை ஜங்ஷன் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்த பொழுதெல்லாம் கிளட்சை மிதித்தபடியே இருந்ததைச் சொன்னார். பிறகு, "சாமான் வரட்டும்" என்றார்.

புதிய வாஷர்களை வழக்கமான அளவில் வைத்தும் பத்து இருந்தது. ஒருபுறத்துக்கு ஆயிரத்தில் ஐந்து தடிமன் கூடிய வாஷர் இங்கிலாந்திலிருந்து வர ஐந்து வாரமாயிற்று. ஆடி அமாவாசைக்குப் பெரியவர் வாடகைக் காரில் போய் வந்தார். வாஷரின் எண்ணெய்க் காடிகள் தண்டைப் பார்த்திருக்குமாறு பொருத்தி மீண்டும் அளந்தோம். ஐந்து. அதன் பின்னரே மூடினோம். புரட்டாசியில் பெரியவர் முன் இருக்கையில் அமர்ந்து பாபநாசம் போனார்.

மூடிய இன்ஜினுக்குள் எவர் கண்ணும் எட்டாது. என்றாலும் ஹெரால்டோ ஸ்பிட்ஃபயரோ வைத்திருப்போர் இன்றே ஒன்று செய்யலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் குனிந்து முன்பக்கக் கிராங்க் புல்லியை நோக்கட்டும். கண்ணுக்குத் தெரியும்படி அது அசைந்தால், வண்டியை அப்படியே நிறுத்தி வைப்பது நல்லது.