நுவரெலியாவில் ஒரு விடியல்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. தை மாத விடியலில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவது அங்கு வழமை. வன்னி வெயிலில் வளர்ந்த எங்களுக்கு இரண்டு கம்பளியும் போதவில்லை.

2019 தையில் வவுனியாவிலிருந்து பதுளைக்குப் போகும் வழியில் அங்கு தங்கினோம். கூடவந்த அக்காவின் மகள் பதுளை ஆஸ்பத்திரியில் முதற்பிரசவத்துக்கு இருந்தாள். காலை ஐந்தரைக்குத் திறப்பைத் திருப்ப, வான் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. குளிரில் பற்றரியின் வலு குறையும். எஞ்சின் ஒயிலும் தடிக்கும். பழைய பற்றரி தாங்காது.

தேயிலை லொறிக்காரர் உதவ வந்தார். வான் ஓட்டிவந்த தங்கச்சி வேண்டாமென்றாள். லொறிக்கு 24 வோல்ற், எங்களுக்கு 12. லீக்ஸ் ஏற்ற வந்த சிறிய வானொன்றை மறித்தாள். சிவப்பு வயரை முதலில் எங்கள் பற்றரியின் நேர்முனையில் கொழுவி, மறுநுனியை அவர்களுடைய நேர்முனையில் கொழுவினாள். கறுப்பை அவர்களுடைய மறைமுனையில் கொழுவினாள். அதன் கடைசி நுனியைப் பற்றரியில் வைக்காமல், எங்கள் எஞ்சினின் பெயின்ற் இல்லாத இரும்பில் கவ்வவிட்டாள். பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு கசியுமாம்; பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கலாம். சுற்றி நின்ற ஆண்கள் ஆளுக்கொரு ஆலோசனை சொன்னார்கள். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அவர்களுடைய வானை ஐந்து நிமிடம் ஓடவிட்டபின் எங்களுடையது உயிர்பெற்றது. வயர்களைப் போட்ட ஒழுங்குக்கு எதிர்மாறாகக் கழற்றினாள். அதன்பின் எஞ்சினை நிறுத்தவேயில்லை. சீதாஎலியவில் அம்மனைக் கண்ணாடியூடாகத்தான் கும்பிட்டோம். ஒன்பது மணிக்கு முன்பே அக்கா வாட்டு வாசலில் நின்றார்.