அரக்கனுக்குள் ஒரு லெட்ஜர்

"ஒரு அட்வைஸ் பண்ணணும், கிளம்பி வாடா" என்று அக்கா போன் செய்தாள்.

38 வருஷமாக எனக்கு அட்வைஸ் வாங்கித்தான் பழக்கம். கொடுத்துப் பழக்கமில்லை. பி.காம். படித்துவிட்டு பாங்க்கில் சேராமல் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனிடம் யார் சார் யோசனை கேட்பார்கள்? என்னையே கூப்பிடுகிறாள் என்றால் வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஒரு மஞ்சள் பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு கிளம்பினேன். இது 2025 வைகாசியில் நடந்தது.

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலைக்கு 20 கிலோ மீட்டர் முன்னால், செஞ்சி ரோட்டில் இருக்கிறது. தாலுகா, பேரூராட்சி, சட்டமன்றத் தொகுதி எல்லாம் உண்டு. ஆனால் சென்னையிலிருந்து போகிற பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் அண்ணாமலையார் கோயிலுக்கு டிக்கெட் எடுத்தவர்கள். கண்டக்டர் "கீழ்பென்னாத்தூர் யாரு?" என்று கேட்டபோது நான் மட்டும் கை தூக்கினேன். மொத்த பஸ்ஸும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

வழியில் செஞ்சிக் கோட்டை. மூன்று மலைகளை வளைத்துக் கட்டியது. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. 1690-லிருந்து எட்டு வருஷம் மொகலாயப் படை வெளியே உட்கார்ந்து முற்றுகை போட்டிருக்கிறது. (நான் போய் வந்த இரண்டு மாதத்தில் யுனெஸ்கோ பட்டியலில் இதுவும் சேர்ந்துவிட்டது. என் ராசி!) அதைத் தாண்டினால் யாரோ அள்ளிக் கொட்டிவிட்டு மறந்துபோன மாதிரி பாறைக் குன்றுகள், மணிலாக் கொல்லைகள், கரும்பு. மணிலா என்றால் வேர்க்கடலை. இந்தப் பக்கத்தில் வேர்க்கடலை என்று கேட்டால் வெளியூர்க்காரன் என்று விலையை ஏற்றிவிடுவார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நிலைமை புரிந்தது. கூடத்தில் அக்கா வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். நாலடி தள்ளி அவர் பிள்ளை நிற்கிறான்.

"அவனைச் சாப்பிடச் சொல்லு" என்கிறார் இவர், அக்காவைப் பார்த்து.

"மோட்டாரை நிறுத்தணுமான்னு கேளும்மா" என்கிறான் அவன், அதே அக்காவைப் பார்த்து.

நாலு மாதமாக இப்படித்தான். நடுவில் அக்கா ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்.

பிள்ளைக்கு வயது 22. என்னை மாதிரியே பி.காம். (வம்சம்!) குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறான். பகலெல்லாம் படிப்பு, அதில் புகார் இல்லை. ராத்திரி பதினொன்றரை ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு காதில் எதையோ மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் தனியாகப் பேசுகிறானாம். சனிக்கிழமை என்றால் விடியற்காலை மூன்று மணி வரை.

"என்னடா பண்றேன்னு கேட்டா, பூசாரியா இருக்கேங்கறான்டா!" என்று அக்கா கண்ணைத் துடைத்தாள்.

அந்தப் பூசாரியைத் தனியே மடக்கினேன்.

"இது கேம் மாமா. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்."

2004 நவம்பரில் வந்த விளையாட்டாம். இன்டர்நெட்டில் ஒரு முழுப் பொய் உலகம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அதில் வேஷம் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். 2019-ல் பழைய வடிவத்தையே தூசி தட்டித் திரும்ப விட்டிருக்கிறார்கள். இவன் ஆடுவது அந்தப் பழசு. மலைக்கு அடியில் எரிமலைக் குழம்பு, அதற்குள் ராக்னராஸ் என்று ஒரு நெருப்பு அரக்கன். அவனை அடிக்க 40 பேர் வரை போகலாம். வாரத்துக்கு ஒரு முறைதான் சான்ஸ்.

"40 பேர் சேர்ந்து ஒருத்தனை அடிக்கிறதுல என்னடா வீரம்?"

"அடிக்கிறது ஈஸி மாமா. அவன் யாரை அடிக்கிறாங்கிறதுதான் விஷயம்."

அப்புறம் அவன் சொன்னதைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரக்கனுக்குள் ஒரு லெட்ஜர் இருக்கிறதாம்! சத்தியமாக. சண்டை போடுகிற ஒவ்வொருவர் பேரிலும் ஒரு கணக்கு. எவ்வளவு சேதம் பண்ணினாயோ அவ்வளவு உன் பேரில் வரவு. அடிபட்டவனுக்கு வைத்தியம் பார்த்தால், குணமானதில் பாதி வரவு. யார் கணக்கில் பாக்கி அதிகமோ அவன் மேல் அரக்கன் பாய்வான். சும்மா ஒரு ரூபாய் கூடினால் போதாது. பக்கத்தில் நிற்பவன் 110 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், தள்ளி நிற்பவன் 130. பி.காமில் மூன்று வருஷம் டபுள் என்ட்ரி படித்தபோது இப்படி ஒரு உதாரணம் சொல்லியிருந்தால் நான் ஆடிட்டர் ஆகியிருப்பேன்.

ஆகவே கனமான கவசம் போட்ட ஒருவன் எப்போதும் லெட்ஜரில் முதலிடத்தில் இருக்க வேண்டும். அவனுக்கு 'டாங்க்' என்று பெயர். அடி வாங்குவதுதான் அவன் உத்தியோகம். கணக்கில் வேறு யாராவது மேலே போய்விட்டால் அவன் 'டான்ட்' பண்ணுவான். அதாவது அரக்கனைச் சீண்டுவது. உடனே அவன் கணக்கு முதலிடத்துக்காரன் கணக்குக்குச் சமமாகிவிடும், அரக்கன் இவன் பக்கம் திரும்புவான். ராக்னராஸ் விஷயத்தில் மட்டும் அந்தப் பாச்சா பலிக்காதாம். வழியில் வருகிற சில்லறைகளுக்குத்தான். மற்றவர்கள் லெட்ஜரைப் பார்த்துப் பார்த்து அளவாக அடிக்க வேண்டும். வேகமாக அடிக்கத் தெரிந்தவன் வீரன் இல்லை, எப்போது அடிக்காமல் இருப்பது என்று தெரிந்தவன்தான் வீரன்.

"நீ இதுல என்ன?"

"ஹீலர். டாங்க்கைச் சாகாம பாத்துக்கணும்."

இவன் கையில் வாள் கிடையாது. முப்பது சொச்சம் பேருடைய ரத்த அளவு கட்டம் கட்டமாகத் திரையில் தெரிகிறது. எந்தக் கட்டம் இறங்குகிறதோ அங்கே மந்திரம். ஒரு மந்திரத்துக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை விநாடி இடைவெளி வேண்டும். சக்தி தீர்ந்தால் போச்சு. மந்திரம் சொன்ன பிறகு 5 விநாடி வேறு மந்திரமே சொல்லாமல் இருந்தால்தான் சக்தி நன்றாக ஊறும். அதனால் எல்லாரும் வெட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் இவன் சும்மா நிற்க வேண்டும். சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளத்தான் வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறித் திருவண்ணாமலைக்கு வருகிறார்கள். இந்தப் பயல் 20 கிலோ மீட்டர் தள்ளி உட்கார்ந்து அவர்களுடன் சேர்ந்தே பழகிக்கொண்டிருக்கிறான்.

"அப்பாகிட்ட இதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டாத்தானே மாமா?"

மத்தியானம் திண்ணையில் ஆயா மணிலா உரித்துக்கொண்டிருந்தது. அக்காவின் மாமியார். என்னிடம் தணிந்த குரலில் ஒரு பழைய கதை சொன்னது.

மூன்று கிலோ மீட்டர் தள்ளி இவர்களுடைய பூர்வீக கிராமம். அங்கே திரௌபதி அம்மனுக்கு பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசி நாள் காலை துரியோதனன் படுகளம். அக்கா வீட்டுக்காரருக்கு 19 வயதில் கூத்துப் பைத்தியம். ராத்திரி ராத்திரி ஜமாவோடு ஊர் ஊராகப் போய்விடுவார். படிப்பு அவ்வளவுதான். அந்த வருஷம் சொந்த ஊர்ப் படுகளத்தில் இவர்தான் பீமன் வேஷம். அதற்கு முதல் நாள் ராத்திரி இவர் அப்பா மாட்டுக் கயிற்றால் தூணில் கட்டிப்போட்டுவிட்டார்.

"பகல் பன்னெண்டு மணி வரிக்கும் மண்ணு துரியோதனன் வெயில்ல படுத்துக் கெடந்தான் தம்பி. அடிக்க ஆள் இல்ல. அப்புறம் பக்கத்து ஊர்லேர்ந்து மாட்டு வண்டி கட்டி வேற பீமனை இட்டாந்தாங்க. அன்னியோட வுட்டுட்டான். இப்பவும் கூத்து பார்க்கப் போவான். ஆனா கடைசில, இருட்டுல நின்னுக்குவான்."

நான் போயிருந்த சனிக்கிழமைதான் அந்த ஊரில் 'பதினெட்டாம் போர்' கூத்து. விடிந்தால் படுகளம்.

"நீயும் வாடா, கூத்துக்குப் போகலாம்" என்று மருமகனைக் கூப்பிட்டேன்.

"30 பேர் காத்திருப்பாங்க மாமா" என்றான். அவர்கள் குழுவில் எண்ணிக்கை 40-ஐத் தொட்டதே இல்லையாம். மற்ற குழுக்கள் விளையாட்டாக முடிக்கிற அரக்கனிடம் இவர்கள் ஆறு வாரமாக உதை வாங்குகிறார்கள். ஜெர்மனிக்காரன், போலந்துக்காரன், லாரி ஓட்டுகிற ஒரு ஸ்வீடன்காரன். அந்த லாரி டிரைவர்தான் டாங்க். இவன் வைத்தியத்தை நம்பித்தான் அவன் நெருப்புக்கு முன்னால் நிற்கிறான்.

அட்வைஸை நாளைக்கு ஒத்திவைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

ஒன்றே முக்கால் மணிக்கு ராக்னராஸ் எழுந்தான். குழம்பிலிருந்து இடுப்பு வரைக்கும் நெருப்பு, கையில் ஒரு சம்மட்டி. அவ்வப்போது ஒரு உலுக்கு உலுக்கி முன்னால் நிற்பவர்களை அப்படியே வீசி எறிகிறான். மருமகன் விரல்கள் தையல் மெஷின் மாதிரி ஓடின. அரக்கன் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டான். எனக்கே வியர்த்தது.

அப்போது ஒரு காற்று. தென்னை மட்டை விழுந்த சத்தம். கரண்ட் போய்விட்டது.

லேப்டாப் பாட்டரி செத்து ஒரு வருஷமாகிறது. ஒயரைப் பிடுங்கினால் அதுவும் பிணம். இருட்டில் பையன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. போனில் குழுவின் செய்தி வந்தது. டாங்க் செத்தான். எல்லாரும் செத்தார்கள். 20 நிமிஷம் காத்திருக்கிறோம், வந்துவிடு.

"எல்லாரும் என்னாலதான் மாமா..." குரல் உடைந்தது. 22 வயதுப் பையன் பொம்மைச் சண்டைக்கு அழுவதா என்று சிரிக்கலாம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசற்படியில் டார்ச் வெளிச்சம். அக்கா வீட்டுக்காரர். தோளில் துண்டு. போர் ரெண்டு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும் என்று அப்போதுதான் கிளம்பியிருந்தார்.

"என்னவாம் அவனுக்கு?" என்றார் என்னைப் பார்த்து. எக்ஸ்சேஞ்ச் வேலை இப்போது எனக்கு.

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டே நேராக அவனிடம் கேட்டார்.

"எத்தினி பேர் நிக்கறாங்க?"

"30 பேர்ப்பா."

"நீ போகலைன்னா?"

"இன்னிக்கு அவ்ளோதான். கலைஞ்சுடுவாங்க."

மறுபடி மௌனம். "பொட்டிய எடுத்துக்க. அங்க ஜெனரேட்டர் ஓடுது."

டி.வி.எஸ். எக்ஸெல்லில் மூன்று பேர், ஒரு லேப்டாப். (சட்டப்படி தப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு கீழ்பென்னாத்தூரில் அதைப் பார்க்க நாய்கள் மட்டும்தான் இருந்தன.) கூத்துக் களத்தில் பெட்ரோமாக்ஸ் காலமெல்லாம் போய், குழல் விளக்கும் சீரியல் செட்டும் பளபளத்தன. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இவர் ஏதோ காதில் சொன்னார். அவர் ஒரு சீரியல் செட்டைக் கழற்றிவிட்டு ப்ளக் கொடுத்தார். வேஷக் கொட்டகையின் ஓரம், தகரப் பெட்டி மேல் லேப்டாப். போனிலிருந்து இன்டர்நெட். பக்கத்தில் ஏற்கெனவே செத்துப்போன துச்சாதனன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு தம்பி இது, நெருப்பா எரியறது? நரகாசுரனா?"

"அந்த மாதிரிதாண்ணே."

கடிகாரத்தைப் பார்த்தேன். 18 நிமிஷம் ஆகியிருந்தது.

முதல் வேலையாக மருமகன் பிணங்களை எழுப்ப ஆரம்பித்தான். பூசாரிக்கு அந்த மந்திரமும் உண்டு. ஒவ்வொருவராக, பத்துப் பத்து விநாடியாக. அவன் அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன பண்றே?"

"செத்தவங்களை எழுப்பறேன்ப்பா."

"அட!" என்று களத்துப் பக்கம் கை நீட்டினார். "அங்க பார்."

களத்தில் படையெல்லாம் இழந்த துரியோதனன் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் திரை பிடித்தார்கள். அதுதான் குளம். மாண்டவர்களைத் திரும்ப எழுப்புகிற மந்திரத்தைத் தண்ணீருக்குள் உட்கார்ந்து ஜெபிக்கிறான். ஜெபித்து முடித்துவிட்டால் பதினெட்டு நாள் போரும் வீண். கரையில் பீமன், புஜக்கட்டை குலுங்கச் சுழன்று சுழன்று வந்து, "வெளியே வாடா" என்று கிழிக்கிறான். முகவீணை அலறுகிறது. மந்திரம் பாதியில் நிற்க, ரோஷக்காரன் எழுந்துவிடுகிறான்.

"மாமா, பீமன் டான்ட் பண்றான்!" என்றான் மருமகன் தலையைத் திருப்பாமலே.

"அதுக்குப் பேரு அதுவா?" என்றார் அவர். "அந்த வசனத்துக்கு அடித்தொண்டை வேணும். இவனுக்குப் பத்தலை." முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் கூத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை என்று பிறகு அக்கா சொன்னாள்.

ராக்னராஸ் சாகவில்லை. இரண்டு சதவீதம் உயிர் பாக்கி இருக்கும்போது யாரோ ஒரு ஆர்வக்கோளாறு கணக்குப் பார்க்காமல் அடித்து லெட்ஜரில் மேலே போய்விட்டான். எல்லாரும் மறுபடி சாம்பல்.

விடிந்ததும் படுகளம். மைதானம் அடைக்கிற நீளத்துக்கு மண்ணால் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். வேஷக்காரர்கள் அவனைச் சுற்றி ஓட, ஊரே பின்னால் ஓடியது. கிருஷ்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டினான். பீமன் கதை மண் தொடையில் இறங்க, உள்ளே புதைத்திருந்த கலயம் உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. அதைத் தொட்டு திரௌபதிக்குக் கூந்தல் முடித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் கூட்டத்தின் கடைசியில் இல்லை. முன்வரிசையில், பிள்ளை தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். தூக்கமில்லாத கண் இரண்டு பேருக்கும் ஒரே சிவப்பு.

கூட்டம் பாய்ந்து மண்ணை அள்ளியது. வீட்டில் வைத்தால் நல்லதாம். அவரும் துண்டில் ஒரு பிடி முடிந்துகொண்டார்.

"ரெண்டு பர்சென்ட்டுன்னா எவ்ளோடா?" என்று கேட்டார்.

"ரெண்டு மூணு அடிப்பா."

"சே!"

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் அக்கா என் மஞ்சள் பைக்குள் இரண்டு கிலோ மணிலாவைத் திணித்தாள்.

"சொன்னியாடா அவனுக்கு?"

"என்ன?"

"அட்வைஸ்!"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சமாளிக்க, "மாமா எங்கே, காணோமே?" என்று பேச்சை மாற்றினேன்.

"அவரா? காலைலேர்ந்து கடை கடையாப் போய் இன்வெர்ட்டர் விலை விசாரிச்சுட்டிருக்காரு. அடுத்த சனிக்கிழமைக்குள்ள வேணுமாம். உன்னைப் போய்க் கூப்பிட்டேன் பாரு..."

திண்டிவனம் பஸ் வந்துவிட்டது. ஓடிப் போய் ஏறினேன்.